வோல்ட் பார்ப்பதும் ஆம்பியர் எண்ணுவதும்

லித்தியம் பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்பதை நேரடியாக அளக்கும் கருவி எதுவும் பேக்குக்குள் இல்லை. திரையில் தெரியும் சதவீதம் வெறும் கணிப்பு. அதைக் கணிக்க இரண்டு வழிகள் உண்டு. செல்லின் வோல்டேஜைப் பார்த்து ஊகிப்பது ஒன்று. உள்ளே போன, வெளியே வந்த மின்னோட்டத்தை எண்ணிக்கொண்டே வருவது மற்றொன்று. “பெர்சன்டேஜ் தப்பா காட்டுது” என்று ஒரு பேக் பழுதுபார்க்க வந்தால், அது எந்த வழியில் கணிக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். இரண்டும் பொய் சொல்லும் விதம் வேறு.

வோல்டேஜ் வழி மலிவானது, எளிமையானது. நிக்கல், கோபால்ட் கலந்த செல்லுக்கு ஓரளவு பொருந்தவும் செய்யும். நிறைந்த செல் 4.2 வோல்ட், தீர்ந்தது ஏறத்தாழ 3 வோல்ட், இடையில் கண்ணுக்குத் தெரியும் சரிவு. சுமை ஏறும்போதுதான் வம்பு. உள்மின்தடை 100 மில்லி ஓம் ஆகிவிட்ட செல்லிலிருந்து 2 ஆம்பியர் இழுத்தால் 0.2 வோல்ட் உள்ளேயே விழுந்துவிடும். 3.75 வோல்ட் இருந்தது 3.55 ஆகத் தெரியும். பாதிக்குப் பக்கத்தில் நின்ற சதவீதம் சடாரென்று பத்தை ஒட்டி இறங்கும், சுமையை எடுத்ததும் மறுபடி ஏறும். மாக்ஸ்17043 போன்ற, சார்ஜைக் கணிக்கும் சிப்புகளும் வோல்டேஜை மட்டுமே நம்புபவை. அவை செல்லின் நடத்தையைக் கணக்கிட்டு இந்தக் குதிப்பைத் தணித்துக்கொள்கின்றன. ஆனால் பேட்டரியை இணைக்கும் கணத்தில் சுமையோ சார்ஜரோ ஓடிக்கொண்டிருந்தால் அவற்றின் முதல் ஊகமே பிசகிவிடும்.

எண்ணும் வழி கடைக் கணக்கு நோட்டு மாதிரி. வரவு செலவைச் சரியாக எழுதும். தொடக்க இருப்பு தப்பாக இருந்தால் கடைசி வரி வரைக்கும் தப்புதான். ஷண்ட் எனப்படும் சின்ன மின்தடையில் எழும் மைக்ரோவோல்ட்டுகளை அளந்துதான் இது ஆம்பியரை அறிகிறது. 1 மில்லி ஓம் ஷண்டில் 10 மைக்ரோவோல்ட் பிழை என்றால் 10 மில்லி ஆம்பியர். ஒரு நாளில் 240 மில்லி ஆம்பியர் மணி. 3,000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள போன் பேட்டரியில் அது 8 சதவீதம். இங்கே எதுவும் குதிக்காது, சத்தமில்லாமல் விலகிக்கொண்டே போகும். அதனால்தான் நல்ல சிப்புகள் எண்ணிக்கையோடு நிற்பதில்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் இம்பிடன்ஸ் டிராக் முறை, பேட்டரி சில மணி நேரம் ஓய்ந்திருக்கும் சமயம் பார்த்து வோல்டேஜைக் கொண்டு தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது.

இரண்டு வழிகளையும் உண்மையில் சோதிப்பது இப்போது வீட்டு இன்வெர்ட்டருக்கு வரும் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. அதன் செல் 30 சதவீதத்திலும் 70 சதவீதத்திலும் ஏறத்தாழ 3.3 வோல்ட்தான் காட்டும். வித்தியாசம் சில பத்து மில்லிவோல்ட். கம்பி இணைப்பு சற்றுத் தளர்ந்தாலே அவ்வளவு விழும். லெட் ஆசிட் பேட்டரிக்கான அட்டவணையை வைத்திருக்கும் பழைய இன்வெர்ட்டர் இதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் ‘ஃபுல்’ என்றே சொல்லிக்கொண்டிருந்து திடீரென்று அணைந்துபோகும். இந்த வகைக்கு எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை என்பதே என் முடிவு.

எண்ணுவதிலும் ஓட்டை உண்டு. பேட்டரியைக் கண்காணிக்கும் மலிவான பிஎம்எஸ் பலகைகள் சில, குறிப்பிட்ட அளவுக்குக் கீழான மின்னோட்டத்தைப் பூஜ்யமாகவே எடுத்துக்கொள்ளும். 51.2 வோல்ட், 100 ஆம்பியர் மணி பேக்கில் மோடமும் இன்வெர்ட்டரின் சொந்தச் செலவுமாக 30 வாட் ஓடினால் சுமார் 0.6 ஆம்பியர், 24 மணி நேரத்தில் 14 ஆம்பியர் மணி கணக்கில் வராமலே கரைந்துவிடும். யாராவது ஒரு விளக்கின் கம்பியை பிஎம்எஸ்ஸின் வெளிமுனையான பி மைனஸில் (P-) கொடுக்காமல் நேரே பேட்டரி மைனஸில் கொடுத்திருந்தாலும் இதே கதை, ஷண்டைத் தொடாமலே மின்சாரம் போகும். இந்தக் கணக்கு பெரும்பாலும் நேராவது முழு சார்ஜில்தான். இரும்பு பாஸ்பேட் பேட்டரி உள்ள கார்களை வாரம் ஒரு முறையாவது 100 சதவீதம் வரை சார்ஜ் செய்யும்படி டெஸ்லா சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே, சுமையோடு சேர்ந்து எண் துள்ளினால் வோல்டேஜ் வழியைச் சந்தேகியுங்கள். இணைப்பு முனைகளையும் உள்மின்தடையையும் பாருங்கள். வாரக்கணக்கில் மெல்ல விலகினால் எண்ணும் வழிதான். டிசி கிளாம்ப் மீட்டரைப் போட்டு, பிஎம்எஸ் காட்டும் ஆம்பியரோடு ஒப்பிடுங்கள். சுமையே இல்லாதபோதும் ஆம்பியர் காட்டினால் பூஜ்யத்தைச் சரிசெய்ய வேண்டும். ஆம்பியர் சரி, ஆனாலும் 30 சதவீதத்தில் அணைகிறதென்றால் பிஎம்எஸ்ஸில் பதிந்துள்ள கொள்ளளவைப் பாருங்கள்; அடுத்து, அணையும் நேரத்தில் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் தனித்தனியாக எடுங்கள். ஒரே ஒரு செல் மட்டும் 2.5 வோல்ட்டுக்கு விழுந்திருந்தால் சதவீதம் காட்டும் மீட்டர்மேல் குற்றமில்லை. செல் மாற்றும் பேச்சை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.