ஏழு மணி நேரக் கேள்வி

தரமணியில் பன்னிரண்டு ஆண்டுகள் எனக்கு ஒரே வேலைதான்: அமெரிக்க வழக்கறிஞர்களுக்காக டெபொசிஷன் எழுத்துப்படிகளைப் படித்துச் சுருக்கம் எழுதுவது. வழக்கு நீதிமன்றத்தில் விசாரணைக்கு வரும் முன்பே, சாட்சியை ஓர் அறையில் உட்காரவைத்து, சத்தியப் பிரமாணம் வாங்கிக் கேள்வி கேட்பார்கள். அதற்குத்தான் டெபொசிஷன் என்று பெயர். அங்கே நீதிபதி இருக்க மாட்டார். இரு தரப்பு வக்கீல்களும் சொல்லுக்குச் சொல் பதிவு செய்யும் ஒருவரும் இருப்பார்கள். ஒரு முழு நாள் விசாரணை 250 பக்கத்தைத் தாண்டும். முக்கியமான ஒவ்வொரு பதிலுக்கும் பக்க எண், வரி எண் போட்டு எழுத வேண்டும்.

விபத்து, மருத்துவம், நிலத்தகராறு என்று எல்லாம் வரும். ஆனால் இரவு ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் என்னை விடாதவை, இன்ஷூரன்ஸ் கிளெய்மைப் பார்க்கும் அலுவலர்களின் வாக்குமூலங்கள். அவர்கள் நம்மைப் போல மாதச் சம்பளக்காரர்கள். வக்கீல் அவர்கள் கையாண்ட ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு தேதி தேதியாகக் கேட்பார். டாக்டர் சான்று இந்தத் தேதியில் வந்தது, மறுப்புக் கடிதம் அந்தத் தேதியில் போனது. இடையில் அந்த டாக்டரிடம் பேசினீர்களா? இப்படிக் கேட்கும் உரிமை எப்போது பிறந்தது என்று அறிய, எழுத்துப்படிகளில் அடிபட்ட பழைய தீர்ப்புகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

வேர் 1766-இல், லண்டனில் நடந்த ஒரு வழக்கில் இருக்கிறது. சுமத்ராவின் பெங்கூலூவில், மார்ல்பரோ கோட்டை கிழக்கிந்தியக் கம்பெனியின் வசம் இருந்தது. எதிரி பிடித்தால் இழப்பீடு என்று அதன் ஆளுநர் கார்ட்டர் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தார். 1760-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். கோட்டையின் பலவீனத்தை மறைத்துவிட்டார் என்று சொல்லிப் பணம் தர மறுத்தார் இன்ஷூரன்ஸ் கொடுத்தவர். பணம் தர வேண்டும் என்று தீர்ப்பானது. நன்னம்பிக்கை இரு தரப்புக்கும் பொது என்றார் நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு.

சொன்னது இரு தரப்புக்கும். ஆனால் வெகுகாலம் அது பாலிசிக்காரரின் தலையிலேயே விழுந்தது: எதை மறைத்தாய் என்ற கேள்வி அவரை நோக்கியே எழுந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனி தவறாக மறுத்தால், பிறகு பாலிசித் தொகையை வட்டியோடு கொடுத்தால் பெரும்பாலும் கணக்கு தீர்ந்தது. ஆகவே மறுத்தவரின் மனதுக்குள் என்ன இருந்தது என்று கேட்க யாருக்கும் அவசியமில்லை. 1938-இல் அமெரிக்காவில் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகள் வந்து டெபொசிஷனை எல்லோருக்கும் எட்டும் கருவியாக்கின. கருவி வந்துவிட்டது, இந்தக் கேள்வி வரவில்லை.

அதைக் கொண்டுவந்தது கலிபோர்னியா. 1958-இல் கமுனாலே வழக்கு. தெருவைக் கடந்த தம்பதி மீது ஒரு டிரக் மோதியது. ஓட்டியவரின் இன்ஷூரன்ஸ் கம்பெனி வழக்காட வரவே மறுத்தது. 4,000 டாலருக்கு முடிந்திருக்கக்கூடிய விவகாரத்தில் கணவருக்கு மட்டும் 25,000 தீர்ப்பானது. பாலிசி வரம்பு ஒருவருக்கு 10,000 தான். ஆனாலும் முழுத் தொகைக்கும் கம்பெனியே பொறுப்பு என்றது மாநில உச்ச நீதிமன்றம்.

1967-இல் வந்தது கிறிஸ்சி வழக்கு. இதை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. வேறு நாட்டிலிருந்து குடியேறிய, எழுபதை எட்டிய விதவை. சொந்தமாக ஒரு குடியிருப்புக் கட்டடம். குடியிருந்த பெண் மரப்படியில் இறங்கும்போது படி உடைந்து, தரையிலிருந்து 15 அடி உயரத்தில் தொங்கினார். மனநோய் வந்துவிட்டது என்று வழக்குப் போட்டார். பாலிசி வரம்பு 10,000. எதிர்த்தரப்பு 9,000-க்கு இறங்கி வந்தது. அதில் 2,500-ஐத் தானே தருவதாகச் சொன்னார் அந்த மூதாட்டி. கம்பெனி ஒப்பவில்லை. ஜூரி கொடுத்ததோ 1,01,000. கம்பெனி தன் பத்தாயிரத்தைக் கட்டிவிட்டு விலகியது. மூதாட்டி சொத்தை இழந்து பேரப்பிள்ளைகளை அண்டி வாழ்ந்தார். உயிரை விடவும் முயன்றார்.

இந்தத் தீர்ப்பில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. மனநோய் படியால்தான் வந்தது என்று ஜூரி நம்பினால் ஒரு லட்சத்துக்குக் குறையாது என்பதைக் கம்பெனியின் வக்கீலும் கிளெய்ம் மேலாளரும் முன்பே அறிந்திருந்தார்கள் என்று அதில் பதிவாகியிருக்கிறது. தெரிந்தே மறுத்தார்கள். மூதாட்டிக்கு வரம்புக்கு மேற்பட்ட 91,000-உம், மன வேதனைக்காக 25,000-உம் கிடைத்தன.

1973-இல் க்ரூயன்பெர்க் வழக்கு, நன்னம்பிக்கையோடு நடக்கும் இந்தக் கடமையைச் சொந்தப் பாலிசிக்காரரின் தீ விபத்துக் கிளெய்முக்கும் நீட்டியது. 1979-இல் ஈகன் வழக்கு. கூரை வேலைக்காரர் ஏணியிலிருந்து விழுந்தார். விபத்து என்றால் ஆயுள் முழுவதும் மாதம் 200 டாலர். வீட்டோடு முடக்காத நோய் என்றால் மூன்றே மாதம். சிகிச்சை பார்த்த டாக்டர்களைக் கேட்காமலே நோய் என்று எழுதிவிட்டார்கள். ஜூரி விதித்த 50 லட்சம் டாலர் தண்டத் தொகை மிகை என்று ரத்தானது. ஆனால் தீர விசாரிக்காமல் மறுப்பதே தவறு என்ற நெறி நின்றது. அன்றிலிருந்து ஃபைலைக் கையாண்டவரே முதன்மைச் சாட்சி.

‘எனக்குத் தெரியாது, அவரைக் கேளுங்கள்’ என்று அலுவலர்கள் ஒருவரை ஒருவர் காட்டித் தப்புவதற்கும் 1970-இல் வழி அடைபட்டது. கம்பெனியே ஒருவரை நியமித்து, விஷயங்களைத் தெரிந்துகொண்டு வரச்செய்து, தன் சார்பில் பேசவைக்க வேண்டும் என்று கூட்டாட்சி விதி வந்தது. கேட்பவருக்கும் கட்டுப்பாடு வந்தது: 2000 முதல், ஒரு சாட்சிக்கு ஒரே நாள், ஏழு மணி நேரம். தண்டத் தொகைக்கு 2003-இல் கேம்பெல் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது.

இதெல்லாம் வக்கீல்களின் பிழைப்பு என்பாரும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. என்றாவது ஒருநாள் ஒருவர் வரிவரியாகப் படிப்பார் என்று தெரிந்தவரின் கை, மறுப்பு எழுதும் முன் ஒருமுறையாவது டாக்டருக்குப் போன் போடும். கிளெய்ம் ஃபைலைப் பார்த்தாலே எது எந்தத் தேதியில் நடந்தது என்று விளங்க வேண்டும் என்கிறது கலிபோர்னியாவின் ஒழுங்குமுறை. அந்த வரி யாரோ பட்ட பாட்டிலிருந்து வந்தது.

பணம் கொடுக்கலாம் என்பதற்கான ஆதாரம் எதையாவது தேடினீர்களா? வெவ்வேறு சொற்களில் நான் அதிகம் குறித்த கேள்வி இதுதான். பதிலுக்கு முன் சாட்சி எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தார் என்பது எழுத்துப்படியில் வராது. அடுத்த வரியில் ‘இல்லை’ என்று மட்டும் இருக்கும். அந்த ஒரு சொல்லுக்குப் பக்க எண்ணும் வரி எண்ணும் போடும்போதெல்லாம், 2,500 டாலரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த அந்த மூதாட்டியை நினைத்துக்கொள்வேன். எண் தப்பிவிடக் கூடாது என்று மறுபடி ஒருமுறை சரிபார்ப்பேன்.