பலெர்மோவில் மாற்றுத்திறனாளிகள்: சட்டமும் ஆதரவும் தமிழ்க் குடும்பங்களும்

பலெர்மோ நகரின் வடக்கே 606 மீற்றர் உயரத்தில் நிற்கிறது பெல்லெகிரினோ மலை. அதன் குகைக்கோயிலில் இருப்பவள் சாந்தா ரொசாலியா. 1624இல் கொள்ளைநோய் நகரைச் சூறையாடிக்கொண்டிருந்தபோது அவளது எலும்புகள் இம்மலையில் கண்டெடுக்கப்பட்டன என்றும், அவற்றை வீதியுலாவாகக் கொண்டுசென்றபின் நோய் அகன்றது என்றும் நகரத்தார் நம்புகின்றனர். ஜெர்மானியக் கவிஞர் கேதே 1787இல் இங்கு வந்து, இக்குகையைப் பற்றித் தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். இன்று மலையேறுவோரில் ஈழத்தமிழர் கணிசமானோர். கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவர்களும் ஏறுகின்றனர். குகையில் காணிக்கையாக வைக்கப்பட்டிருக்கும் வெள்ளிக் கைகளையும் கால்களையும் கண்களையும் பார்க்கும்போது, ஊரில் அம்மனுக்குக் கண்மலர் சாத்திப் பழகியவர்களுக்கு அந்நிய இடம் என்ற நினைப்பு வருவதில்லை.

உடற்குறைக்கு நேர்ந்துகொள்வது ஒரு வழி. அதே நகரத்தில் இன்னொரு வழியும் இருக்கிறது. அது குடும்ப வைத்தியர் கணினியில் நிரப்பும் ஒரு சான்றிதழில் தொடங்குகிறது. முதலாவது வழி எம்மவருக்கு நன்கு தெரியும். இரண்டாவது வழியைப் பற்றியதே இக்கட்டுரை.

1980களில் இருந்து பலெர்மோவுக்கு வந்துசேர்ந்த தமிழர்களில் பெரும்பாலானோர், ஆண்கள் உட்பட, வீட்டுவேலையிலேயே கால் பதித்தனர். முதியோரையும் நோயாளரையும் வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்பவரை இத்தாலியர் 'பதாந்தே' என்பர். சிசிலியக் கிழவி ஒருத்தியைக் குளிப்பாட்டி, உணவூட்டி, சக்கரநாற்காலியில் வைத்துக் கடற்கரைக்குத் தள்ளிச் செல்வது அந்தத் தொழில். அப்படிச் சம்பாதிப்பவரின் சொந்த வீட்டிலும் சக்கரநாற்காலி தேவைப்படும் ஒரு பிள்ளை இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு இந்த நாட்டில் என்ன உண்டு, என்ன இல்லை என்று பார்ப்போம்.

மாற்றுத்திறனாளிகள் விடயத்தில் இத்தாலிக்கு நீண்ட வரலாறு உண்டு. பலெர்மோவில் 1824இல் பியெத்ரோ பிசானி என்ற பிரபு, அவர் வைத்தியரே அல்லர், அரச மனநோயாளர் இல்லத்தைப் பொறுப்பேற்றுச் சங்கிலிகளை அகற்றினார். ஆனால் அடுத்த ஒன்றரை நூற்றாண்டும் உயர்ந்த மதில்களின் காலமாகவே இருந்தது. சிசிலி தந்த பெரும் எழுத்தாளர் லூயிஜி பிராந்தெல்லோவின் வாழ்வே அதற்குச் சான்று. 1903இல் குடும்பத்தின் கந்தகச் சுரங்கம் வெள்ளத்தில் அழிந்த செய்தி கேட்டு அவரது மனைவி அந்தோனியெத்தா நிலைகுலைந்தார். பதினாறு ஆண்டுகள் வீட்டிலேயே வைத்துப் பார்த்தபின், 1919இல் அவரை மனநோய் இல்லம் ஒன்றில் சேர்த்தார் பிராந்தெல்லோ. அம்மையார் 1959இல் இறக்கும்வரை வீடு திரும்பவில்லை. பைத்தியம் யார், தெளிந்தவர் யார் என்று அவரது நாடகங்கள் விடாமல் கேட்கும் கேள்விக்குப் பின்னால் இந்த வீடு இருக்கிறது. அரசு துணை நிற்காத இடத்தில் ஒரு குடும்பம் என்னவாகும் என்பதற்கும் இதுவே சாட்சி.

மதில்களைச் சட்டம் தகர்த்தது 1970களில். 1977இன் 517ஆம் இலக்கச் சட்டம் தனி வகுப்புகளை ஒழித்து, குறைபாடுள்ள பிள்ளைகளைப் பொதுவகுப்பில் அமர்த்தியது. மறுவருடம், 1978 மே 13இல், பிராங்கோ பசாலியா என்ற மனநல வைத்தியரின் பெயரால் அறியப்படும் 180ஆம் இலக்கச் சட்டம் மனநோய் விடுதிகளை மூடும் பாதையைத் திறந்தது. மதிலுக்குப் பதிலாக ஆதரவு கிடைத்ததா என்ற கேள்வி சிசிலியில் இன்றும் கேட்கப்படுகிறது. இருந்தாலும் கண்பார்வையற்ற பிள்ளையும் மற்றப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கும் வகுப்பறை உலகின் பல பணக்கார நாடுகளுக்கே இன்னும் வாய்க்காத ஒன்று.

சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2010ஐ ஒட்டி 'ஊனமுற்றோர்' என்ற சொல் அரசு வழக்கிலிருந்து விலகி 'மாற்றுத்திறனாளி' வந்தது. இலங்கையில் 'வலுவிழந்தோர்', 'விசேட தேவையுடையோர்' என்ற வழக்குகளும் உண்டு. இத்தாலியிலும் இதே ஓட்டம்தான். 2024இன் 62ஆம் இலக்க ஆணை சட்டங்களில் இருந்த பழைய சொற்களை நீக்கி, 'குறைபாடுள்ள மனிதர்' என்ற பொருள்படும் தொடரை வைத்தது. சொல் மாறியதும் வாசலில் சாய்தளம் முளைத்துவிடாது என்பது வேறு கதை.

இனி நடைமுறை. பல ஆண்டுகளாக இருந்த முறை இது: குடும்ப வைத்தியர் முதற் சான்றிதழை இணையவழி அனுப்புவார். அதன்பின் 90 நாட்களுக்குள் 'இன்ப்ஸ்' எனப்படும் தேசியச் சமூகக்காப்பு நிறுவனத்துக்குத் தனியே விண்ணப்பம் போடவேண்டும். சுகாதாரத்துறை வைத்தியர்களும் இன்ப்ஸ் வைத்தியரும் கொண்ட குழு ஆளைப் பார்த்து முடிவெழுதும். 2024இன் ஆணை இதைச் சுருக்கியது. புதிய முறையில் வைத்தியரின் சான்றிதழே விண்ணப்பமும் ஆகிவிடும். 2025 சனவரியில் கத்தானியா உட்பட ஒன்பது மாகாணங்களில் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய இந்த முறை, 2025 செப்டெம்பர் 30 முதல் பலெர்மோவுக்கும் வந்தது. நாடு முழுவதற்கும் 2027 சனவரி என்று நாள் குறித்தார்கள். படிவங்களில் தடுமாறுவோருக்குத் தொழிற்சங்கங்களோடு இணைந்த 'பத்ரொனாத்தோ' என்ற உதவி அலுவலகங்கள் உள்ளன. வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க எம்மவர் ஏறி இறங்கும் அதே படிகள்தான். அங்கே இதையும் கேட்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

குழு தரும் முடிவு வளர்ந்தோருக்கு ஒரு விழுக்காடாக வரும். 45 விழுக்காட்டுக்கு மேல் என்றால், 1999இன் 68ஆம் இலக்கச் சட்டப்படி தனி வேலைவாய்ப்புப் பட்டியலில் பதியலாம். 50 பேருக்கு மேல் வேலைசெய்யும் நிறுவனம் தன் பணியாளரில் 7 விழுக்காட்டை இப்பட்டியலுக்கு ஒதுக்க வேண்டும். 74 முதல் மாதாந்தக் கொடுப்பனவும், 100 என்றால் ஓய்வூதியமும் உண்டு. இரண்டுக்கும் வருமான வரம்பு இருக்கிறது. பிறர் துணையின்றி நடமாடவோ அன்றாடக் காரியங்களைச் செய்யவோ இயலாதவருக்கு, 1980இன் 18ஆம் இலக்கச் சட்டம் 'துணைக்கொடுப்பனவு' தருகிறது. 2025இல் அது மாதம் 542 யூரோ. இதற்கு வருமான வரம்பும் இல்லை, வயது வரம்பும் இல்லை.

'இதெல்லாம் அவையளுக்குத்தான், எங்களுக்கில்லை' என்பது எம்மவரிடையே அடிக்கடி கேட்கும் வார்த்தை. ஒரு காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது. 2000ஆம் ஆண்டின் 388ஆம் இலக்க வரவுசெலவுச் சட்டம், நீண்டகால வதிவிட அட்டை உள்ள வெளிநாட்டவருக்கே இக்கொடுப்பனவுகள் என்று வரம்பிட்டது. அந்த அட்டைக்கோ போதிய வருமானம் காட்டவேண்டும். உழைக்க இயலாதவருக்கு உதவி. ஆனால் அந்த உதவிக்கு உழைத்த வருமானம் தேவை! இந்த முரணை அரசியலமைப்பு நீதிமன்றம் படிப்படியாக உடைத்தது. 2008இன் 306ஆம் தீர்ப்பு துணைக்கொடுப்பனவையும், 2009இன் 11ஆம் தீர்ப்பு ஓய்வூதியத்தையும், 2010இன் 187ஆம் தீர்ப்பு மாதாந்தக் கொடுப்பனவையும், 2011இன் 329ஆம் தீர்ப்பு பிள்ளைகளுக்கான கொடுப்பனவையும் தொட்டன. 2013இன் 40ஆம் தீர்ப்பு, துணைக்கொடுப்பனவுக்கும் ஓய்வூதியத்துக்கும் நீண்டகால அட்டை வேண்டும் என்ற நிபந்தனையையே வெட்டியது. அதன்பின் ஓராண்டுக்குக் குறையாத வதிவிட அனுமதி இருந்தால் போதும் என்றாயிற்று. ஆக 'எங்களுக்கில்லை' என்பது ஒரு பழைய சட்டத்தின் எதிரொலி. அதை நம்பி எத்தனை வீடுகள் கேட்காமலே இருந்துவிட்டனவோ.

ஆனால் உண்மையிலேயே எம்மவருக்கு எட்டாத ஒன்று உண்டு. அதைப் பற்றி எவரும் பேசுவதாகத் தெரியவில்லை. 1992 பெப்ரவரி 5இன் 104ஆம் இலக்கச் சட்டம் இத்துறையின் அடித்தளம். இத்தாலியில் 'நூற்றி நான்கு' என்று எண்ணைச் சொன்னாலே போதும். கடுமையான குறைபாடுள்ள பிள்ளையையோ பெற்றோரையோ பார்ப்பவருக்கு, சம்பளத்தோடு மாதம் மூன்று நாள் விடுப்பை அதன் 33ஆம் பிரிவு தருகிறது. 2001இன் 151ஆம் இலக்க ஆணைப்படி இரண்டு ஆண்டுவரை சம்பளத்தோடு நீண்ட விடுப்பும் உண்டு. வங்கி ஊழியருக்கும் ஆசிரியருக்கும் கடைச் சிப்பந்திக்கும் இவை கிடைக்கும். வீட்டுப் பணியாளருக்குக் கிடையாது. இன்ப்ஸின் விதிகள் வீட்டுவேலை செய்வோரைப் பெயர்சொல்லி விலக்குகின்றன.

முதலாளி வீட்டு மகன் தன் தாயைப் பார்க்க 'நூற்றி நான்கில்' மூன்று நாள் எடுக்கலாம். மற்ற நாட்களில் அதே தாயைப் பார்க்கும் தமிழ்ப் பெண், தன் பிள்ளையைப் பயிற்சிக்கு அழைத்துச் செல்ல ஒரு நாளும் எடுக்க முடியாது. எடுத்தால் சம்பளம் போகும். பராமரிப்பையே தொழிலாகக் கொண்டவர்களைப் பராமரிப்பு விடுப்பிலிருந்து விலக்குவது இச்சட்டத்தின் ஆகப்பெரிய கோணல் என்பது என் எண்ணம். கணவனோ மனைவியோ ஒருவர் உணவகத்திலோ கடையிலோ சமூகக் கூட்டுறவு நிறுவனத்திலோ பணிபுரிந்தால், அவர் பெயரில் இவ்விடுப்பைக் கோரலாம். வேலை மாறும் வாய்ப்பு வரும்போது சம்பளத்தோடு இதையும் கணக்கில் எடுப்பது நல்லது.

பள்ளி நிலைமை இதைவிட மேல். பெற்றோரின் வதிவிட நிலை எதுவானாலும் பிள்ளைக்குப் பள்ளி உண்டு. குறைபாடு உறுதியானால் வகுப்புக்குத் துணையாசிரியர் ஒருவரும், பிள்ளைக்கென்று தனியாள் கல்வித் திட்டமும் தரப்பட வேண்டும். உயர்நிலைப் பள்ளிக்கும் இந்த உரிமை உறுதி என்று 1987இன் 215ஆம் தீர்ப்பு சொன்னது. கல்வித் திட்டம் எழுதும் கூட்டத்தில் பெற்றோருக்கும் இடம் உண்டு. போகாவிட்டால் பிள்ளைக்குக் கிடைக்கும் துணைமணிநேரம் குறைந்து போகலாம்.

இங்கே மொழி ஒரு சிக்கலாக வருகிறது. மூன்று வயதாகியும் பிள்ளை பேசவில்லை என்றால், 'வீட்டில் தமிழ், வெளியில் இத்தாலியன், குழம்பிப்போச்சு' என்று காத்திருப்பார்கள். ஆசிரியர்களும் சிலவேளை அதையே சொல்வார்கள். இருமொழிச் சூழல் பேச்சுக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை என்பது இன்று துறைசார்ந்தோர் பொதுவாக ஏற்ற முடிவு. மதியிறுக்கமோ செவித்திறன் குறைவோ இருந்தால், காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் இழப்பே. பலெர்மோ மாகாணச் சுகாதார அமைப்பின் சிறுவர் நரம்பியல்-மனநலப் பிரிவுக்குக் குழந்தை வைத்தியர் மூலம் போகலாம். தமிழை விட்டுவிடுங்கள் என்ற ஆலோசனைக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. அம்மம்மாவோடு பேசும் மொழியைப் பிடுங்குவதால் அந்தப் பிள்ளைக்கு ஆவது ஒன்றுமில்லை.

சட்டத்தில் எழுதியிருப்பது எல்லாம் தானாகக் கைக்கு வரும் என்றும் எண்ணிவிடக் கூடாது. 2017இன் தொடக்கத்தில் பலெர்மோவே அதைப் பார்த்தது. சக்கரநாற்காலியில் வாழும் இரு சகோதரர்கள், நாள் முழுதும் துணை தேவைப்படுவோருக்கு மாநில அரசு ஒன்றும் செய்யவில்லை என்று தொலைக்காட்சியில் முறையிட்டனர். பலெர்மோக்காரரான திரைப்பட இயக்குநர் பிஃப், மாற்றுத்திறனாளிகளோடு மாநில முதல்வரின் அலுவலகமான ஓர்லெயான் மாளிகைக்குள் நுழைந்து, முதல்வர் ரொசாரியோ குரொசெத்தாவை நேருக்கு நேர் கேள்வி கேட்ட காட்சியை நாடே பார்த்தது. பொறுப்பான மாநில அமைச்சர் பதவி விலகினார். மிகக் கடுமையான குறைபாடுள்ளோருக்கு மாதாந்தப் பராமரிப்புக் கொடுப்பனவு பிறந்தது. 1500 யூரோவில் தொடங்கிய அது பின்னர் 1200 ஆகக் குறைந்தது. கேட்டவர்களுக்குத்தான் கிடைத்தது என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

அன்றாட வாழ்வில் பெரிய எதிரி படிக்கட்டு. பல்லாரோ, கப்போ போன்ற பழைய பகுதிகளின் வீடுகள் உயர்ந்தவை, பெரும்பாலும் மின்தூக்கி அற்றவை. 1989இன் 13ஆம் இலக்கச் சட்டப்படி, மாடிக்குடியிருப்பின் உரிமையாளர் கூட்டம் மறுத்தாலும் மூன்று மாதங்களின்பின் தன் செலவில் படியேற்றும் இருக்கை பொருத்த மாற்றுத்திறனாளிக்கு உரிமை உண்டு. ஆனால் ஒடுங்கிய பழைய படிக்கட்டில் பொருத்த இடமும் வேண்டுமே.

சங்கங்களைப் பொறுத்தவரை, பார்வையற்றோருக்கு 1920இல் உருவான ஒன்றியமும், செவிப்புலன் அற்றோருக்கு 1932இல் பாதோவாவில் உருவான தேசியச் சங்கமும், அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ளோர் குடும்பங்களுக்கு 1958இல் தாய் ஒருவர் தொடக்கிய 'அன்ஃபாஸ்' அமைப்பும் உள்ளன. இத்தாலியச் சைகைமொழி 2021இல்தான் அரச ஏற்புப் பெற்றது. அல்பெர்கெரியாப் பகுதியில் குடியேறியோரின் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் கதவு திறந்து வைத்திருக்கும் சாந்தா கியாரா நிலையமும், வெளிநாட்டவரின் குரலுக்கென்று மாநகரசபை 2013இல் அமைத்த பண்பாடுகளின் ஆலோசனை மன்றமும் குறிப்பிடத்தக்கவை. எம் சங்கங்களும் கோயில் விழாக்களும் தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழாக்களும் இந்தப் பட்டியலில் எங்கே இருக்கின்றன? மேடைக்கு ஒரு சாய்தளம் வைக்கும் செலவு ஒலிபெருக்கி வாடகையைவிட அதிகமாக இராது.

பெற்றோரை இரவில் தூங்கவிடாத கேள்வி ஒன்று மிச்சம். எங்களுக்குப் பிறகு யார்? ஊரில் சித்தி, மாமா, ஒன்றுவிட்ட அண்ணன் என்று யாரேனும் இருப்பர். பலெர்மோவில் நாலு சுவர்தான். இத்தாலியர் இக்கேள்வியையே சட்டத்தின் பெயராக்கியிருக்கின்றனர். 2016இன் 112ஆம் இலக்கச் சட்டம் 'நமக்குப் பின்' என்றே அறியப்படுகிறது. பெற்றோர் இருக்கும்போதே, பிள்ளை சிலரோடு சேர்ந்து சிறு வீட்டில் வாழப் பழகுவதற்கான திட்டத்துக்கு அது நிதி தருகிறது. 2004இன் 6ஆம் இலக்கச் சட்டப்படி, பிள்ளையின் உரிமைகளை முற்றாகப் பறிக்காமல் தேவையான அலுவல்களுக்கு மட்டும் ஒரு துணைநிர்வாகியை நீதிபதி நியமிக்கலாம். யார் வேண்டும் என்று பெற்றோர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம்.

குடியுரிமையிலும் வழி திறந்திருக்கிறது. கடுமையான குறைபாட்டால் சத்தியப்பிரமாணம் செய்ய இயலாதவர் அதைச் செய்யாமலே குடிமகன் ஆகலாம் என்று 2017இன் 258ஆம் தீர்ப்பு சொன்னது. இத்தாலிய மொழித் தேர்ச்சிச் சான்றிதழிலும் அப்படியே. முதுமையாலோ நோயாலோ குறைபாட்டாலோ மொழி கற்க இயலாதவரிடம் அதைக் கேட்கக் கூடாது என்று 2025இன் 25ஆம் தீர்ப்பு விலக்களித்தது. பேச்சு வராத மகனுக்காக விண்ணப்பமே போடாமல் இருந்த தாய்மார் இருந்தால், அவர்கள் இப்போது போடலாம். இயலாமையைக் காட்டும் வைத்தியச் சான்றிதழைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.