அலமாரிக்குள் வளர்ந்த பிள்ளைகள்

போன மாதம் தெரிந்த அண்ணை ஒருவர் ஒரு கடிதத்தோடு வீட்டுக்கு வந்தார். இங்கே சுவிஸில் உணவகம் ஒன்றின் குசினியில் வேலை செய்கிறார். பி அனுமதி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் மனைவியையும் மகளையும் கூப்பிட விண்ணப்பித்திருந்தார். நிராகரித்துவிட்டார்கள். "ஏனெண்டு வாசிச்சுச் சொல்லு தம்பி" என்றார். பக்கம் பக்கமாக ஜெர்மன். ஆனால் காரணம் இரண்டே வரி: மூன்று பேருக்கு வீடு போதாது, வருமானமும் போதாது.

இந்த வீட்டுக் கதையை முன்பே எங்கோ வாசித்த ஞாபகம். தேடிப் பார்த்தால், எங்களுக்கு முன்னரே இத்தாலியர்களுக்குச் சொன்ன காரணம் இது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சுவிஸுக்கு ஆள் தேவைப்பட்டது. 1948இல் இத்தாலியோடு ஆட்சேர்ப்பு ஒப்பந்தம் போட்டார்கள். ரயிலில் வந்தவர்களை கியாசோ, பிரிக் ஆகிய எல்லை நிலையங்களில் இறக்கி மருத்துவப் பரிசோதனை செய்தார்கள். பலருக்குக் கிடைத்தது பருவகால அனுமதி. அது 1934 முதல் நடைமுறையில் இருந்த சட்டத்தின் கீழ் வருவது. வருடத்தில் ஒன்பது மாதம் வேலை, பிறகு ஊருக்குத் திரும்ப வேண்டும். குடும்பத்தைக் கூப்பிடவே முடியாது.

வருடாந்த அனுமதி கிடைத்தவர்கள் கூப்பிடலாம், ஆனால் காத்திருக்க வேண்டும். 1964 ஒப்பந்தம் அந்தக் காத்திருப்பை 18 மாதமாகக் குறைத்தது. அதன் பிறகும் குடும்பத்துக்குத் தகுந்த வீட்டைக் காட்டியாக வேண்டும். கட்டட வேலைக்கு வந்த எத்தனையோ பேர் படுத்ததோ மரக் கொட்டகையில், வரிசைக் கட்டில்களில். அவர்கள் எந்த வீட்டைக் காட்டுவார்கள்?

அனுமதி மறுத்ததால் குடும்பம் இல்லாமல் போய்விடவில்லை. சிலர் பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டார்கள். சிலர் எல்லைக்கு அந்தப் பக்கம் தொமோதோசொலா போன்ற ஊர்களில் இருந்த சிறுவர் இல்லங்களில் சேர்த்தார்கள். மற்றவர்கள் களவாகக் கூட்டி வந்து அறைக்குள் ஒளித்து வைத்தார்கள். தாயும் தகப்பனும் வேலைக்குப் போனால் கதவு பூட்டு. ஜன்னலருகே போகக் கூடாது, ஓடக் கூடாது, சத்தமாகச் சிரிக்கக் கூடாது. யாராவது கதவைத் தட்டினால் கட்டிலுக்குக் கீழே, இல்லாவிட்டால் அலமாரிக்குள். பள்ளிக்கூடம் கிடையாது. காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போகவும் பயம். ஜெர்மனில் இவர்களுக்கு 'ஷ்ராங்க்கிண்டர்', அலமாரிப் பிள்ளைகள் என்றே பெயர். இப்படிப் பல ஆயிரம் பேர்.

இது ஊருக்குத் தெரியாமல் நடந்ததும் இல்லை. 1970இல் வெளிநாட்டவர் தொகையைக் குறைக்கச் சொன்ன ஷ்வார்ட்சன்பாக் முன்மொழிவை 54 சதவீதத்தினர் நிராகரித்தார்கள். பெண்களுக்குத் தேசிய வாக்குரிமை வருவதற்கு ஒரு வருடம் முந்திய வாக்கெடுப்பு அது. 1981இல் பருவகால முறையையே ஒழிக்கக் கேட்டபோது ஏறக்குறைய 84 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள். கடைசியில் அது ஒழிந்தது 2002இல்தான், ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்த சுதந்திர நடமாட்ட ஒப்பந்தத்தால்.

அந்த முறை போய்விட்டது. ஆனால் தகுந்த வீடு என்ற நிபந்தனை போகவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வந்தவர்களுக்கு இன்னொரு கெடுவும் உண்டு: பிள்ளைக்கு 12 வயது தாண்டினால் ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். அண்ணையின் மகளுக்கு இப்போது பதினொன்று.

அவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான். நிராகரிப்புக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் மேன்முறையீட்டுக்கான கெடுத் திகதி இருக்கும், அதைத் தவற விடக் கூடாது. சட்ட ஆலோசனை நிலையத்துக்குக் கடித உறையையும் கொண்டுபோக வேண்டும், கடிதம் எப்போது கிடைத்தது என்பது முக்கியம். அதே நேரம் பெரிய வீடு தேட வேண்டும், வேலை நேரத்தைக் கூட்டித் தரச் சொல்லி முதலாளியிடம் எழுத்தில் கேட்க வேண்டும். காரணங்கள் மாறினால் விண்ணப்பத்தின் நிலையும் மாறலாம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணை கேட்டார்: "அந்தப் பிள்ளையள் இப்ப எங்க?"

பலருக்குப் பேரப்பிள்ளைகளே இருக்கிறார்கள் என்றேன். சிலர் சங்கம் அமைத்து, அரசு தங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறார்கள்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கைபேசியை எடுத்து வீட்டு விளம்பரங்களைப் பார்க்கத் தொடங்கினார். மூன்றரை அறை, வாடகை கட்டுப்படியாக வேண்டும். இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம்.