கூடம் கோணலா, ஆட்டம் பிழையா?
தொகுப்பிப் பதிப்புகளின் ஊடே வழுநீக்கிச் சோதனை வளர்ந்த வரலாறு (1986–2021)

முன்னுரை

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மென்பொருள் உலகில் இந்தப் பழமொழியை அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாத ஓர் இடம் உண்டு. டீபக்கர் எனப்படும் வழுநீக்கி தவறான விடை தரும்போது கூடம் உண்மையாகவே கோணலாக இருக்கக்கூடும். ஒரு மாறி நினைவகத்தில் எங்கே இருக்கிறது, ஓர் இயந்திர ஆணை மூல நிரலின் எந்த வரியிலிருந்து வந்தது என்பதை வழுநீக்கி தானாக அறிவதில்லை. கம்பைலர் எனப்படும் தொகுப்பி எழுதிவைத்துவிட்டுப் போன குறிப்புகளைப் படித்தே சொல்கிறது. குறிப்பு பிசகினால் விடையும் பிசகும்.

நேற்று சரியாக நடந்தது இன்றும் நடக்கிறதா என்று பார்ப்பது பின்னடைவுச் சோதனை. மற்ற மென்பொருள்களில் பெரும்பாலும் நேற்றைக்கும் இன்றைக்கும் இடையே மாறுவது அந்த மென்பொருள் மட்டுமே. வழுநீக்கியில் அதுவும் மாறுகிறது. அது படிக்கும் குறிப்பை எழுதும் தொகுப்பியும் மாறுகிறது. ஆகவே சோதனை தோற்றது என்ற செய்தி பாதிச் செய்திதான். யாரால் தோற்றது என்பது மீதிப் பாதி.

அந்த மீதிப் பாதியைக் கண்டறியும் முறைகள் எப்படி உருவாயின என்பதை, க்னு திட்டத்தின் வழுநீக்கியான ஜிடிபியை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. (பொருளாதாரச் செய்திகளில் வரும் ஜிடிபிக்கும் இதற்கும் தொடர்பில்லை, தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.) இந்த வரலாற்றின் ஒவ்வொரு கட்டமும் குற்றத்தை இன்னும் நுட்பமாகப் பிரித்துச் சொல்லும் ஒரு வழியைக் கொடுத்தது என்பதே இங்கே முன்வைக்கப்படும் வாதம்.

1. பேட்டி காணும் சோதனை

ஜிடிபியை 1986இல் எழுதியவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். அவருடைய தொகுப்பியான ஜிசிசி அடுத்த ஆண்டு, 1987இல், வெளிவந்தது. ஒருவர் கையில் இரண்டும் இருந்தவரை, ஒன்றை மாற்றினால் மற்றதையும் சேர்த்துத் திருத்திவிடலாம். பராமரிப்பவர்கள் வெவ்வேறு ஆட்களாகி, இரண்டும் தனித்தனிக் கால அட்டவணையில் வெளிவரத் தொடங்கியதும் அந்த வசதி போயிற்று. இன்றைய ஜிடிபி பத்தாண்டுக்கு முந்தைய ஜிசிசி உருவாக்கிய கோப்பையும் திறக்க வேண்டும். நேற்று வந்த ஜிசிசியின் கோப்பையும் திறக்க வேண்டும்.

கட்டற்ற மென்பொருளுக்கு ஆதரவுச் சேவை விற்க 1989இல் தொடங்கப்பட்ட சிக்னஸ் நிறுவனத்தில் இந்தச் சுமை கண்கூடாகத் தெரிந்தது. பல வகை இயந்திரங்களுக்கு இரண்டு கருவிகளையும் சேர்த்தே அவர்கள் கொடுக்க வேண்டியிருந்தது. 1990களின் தொடக்கத்தில் அங்கே ராப் சவோய் உருவாக்கிய டெஜாக்னு என்ற சோதனைச் சட்டகம் இதற்கு விடையாக வந்தது. ஜான் ஆஸ்டர்ஹவுட்டின் டிக்கிள் மொழியும், அதன்மீது டான் லைப்ஸ் கட்டிய எக்ஸ்பெக்ட் கருவியும் அதன் அடித்தளம்.

எக்ஸ்பெக்டைத் தேர்ந்ததில் பொருள் இருக்கிறது. வழுநீக்கி மனிதரோடு உரையாடும் நிரல்: கட்டளை கொடுத்தால் பதில் எழுதி, அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும். சோதனையும் அதேபோல் நடக்கிறது. ஒரு சிறிய சி நிரலைத் தொகுப்பி வழியாக உருவாக்கு, வழுநீக்கியில் ஏற்று, ‘பிரேக் மெயின்’ என்று தட்டு, வரும் பதில் எதிர்பார்த்த வடிவத்தில் இருக்கிறதா என்று பார். இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் ஃபெயில். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி வீதம் முடிவுகள் ஒரு சுருக்கக் கோப்பில் சேரும். மாற்றத்துக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, பாஸ் ஃபெயிலாக மாறிய வரிகளைப் பொறுக்கி எடுப்பதே பின்னடைவுச் சோதனை.

இந்த ஏற்பாட்டில் ஒரு முடிச்சு விழுந்திருந்தது. சோதனைக்குத் தேவையான நிரலை உருவாக்குவதே தொகுப்பிதான். கேள்வித்தாளை அச்சடிப்பவர் மாறினால் விடைத்தாளும் மாறும்.

2. குறிப்பு எழுத இரண்டு மொழிகள்

தொகுப்பி தன் குறிப்புகளை எந்த வடிவத்தில் எழுதுகிறது என்பதும் ஒன்றாக நிலைக்கவில்லை. முதலில் பரவலாக இருந்தது ஸ்டாப்ஸ். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஒரு பாஸ்கல் வழுநீக்கிக்காகப் பிறந்த வடிவம் அது. குறியீட்டு அட்டவணையின் சரங்களுக்குள்ளேயே தகவலைச் சுருக்கித் திணிக்கும். 1980களின் நடுவில் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் சிஸ்டம் ஃபைவ் நான்காம் வெளியீட்டுக்காக உருவான டுவார்ஃப் வேறு வகை. நிரலின் அமைப்பையே கிளை கிளையாக விரிக்கும் மர வடிவம் அதற்கு. அதன் இரண்டாம் பதிப்பு 1993இல் வந்தது.

2002இல் வெளியான ஜிசிசி 3.1, லினக்ஸ் உள்ளிட்ட பெரும்பாலான ஈஎல்எஃப் தளங்களில் தன் இயல்பு வடிவத்தை ஸ்டாப்ஸிலிருந்து டுவார்ஃப் 2க்கு மாற்றியது. அந்தக் கோப்புகளைப் படிக்க ஜிடிபி 5.1.1 வேண்டும் என்று வெளியீட்டுக் குறிப்பே எச்சரித்தது. ஒரு தொகுப்பியின் இயல்பு அமைப்பில் ஒரு வரி மாறினால், வழுநீக்கியின் உள்ளே அதுவரை கொஞ்சமாகப் புழங்கிய படிப்புப் பகுதி ஒரே நாளில் முச்சந்திக்கு வந்துவிடும். பிறகும் இது திரும்பத் திரும்ப நடந்தது: 2013இல் ஜிசிசி 4.8 டுவார்ஃப் 4ஐயும், 2021இல் ஜிசிசி 11 டுவார்ஃப் 5ஐயும் இயல்பாக்கின.

3. 2001: நிற்காத நிறுத்தப் புள்ளி

பல தொகுப்பிகளோடு ஒப்பிட்டே தீர வேண்டும் என்ற நிலையைக் கொண்டுவந்தது 2001 ஜூனில் வெளியான ஜிசிசி 3.0. சி++ மொழிக்கான இரும இடைமுகத்தை அது அடியோடு மாற்றியது. பெயர்களைக் குறியீடாக்கும் விதமும், பொருள்களை நினைவகத்தில் அடுக்கும் விதமும் 2.95 வரிசையிலிருந்து வேறாயின.

இதில், ஒரு பொருளைக் கட்டியெழுப்பும் செயற்கூறான கன்ஸ்ட்ரக்டரின் கதையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 2.95இல் ஒரு கன்ஸ்ட்ரக்டருக்கு ஒரே இயந்திர நிரல். முழுப் பொருளைக் கட்டுகிறோமா, வழித்தோன்றிய வகுப்பின் அடிப்பகுதியாகக் கட்டுகிறோமா என்பதை மறைவான ஓர் உள்ளீடு சொல்லும். புதிய இடைமுகம் இந்த வேலையைப் பிரித்தது: முழுப் பொருளுக்கு ஒரு நகல், அடிப்பகுதிக்கு இன்னொரு நகல். குறியீட்டுப் பெயர்கள் வேறு. மனிதர் படிக்கும் பெயர் இரண்டுக்கும் ஒன்றே. பயனர் அந்தப் பெயரைச் சொல்லி நிறுத்தப் புள்ளி வைத்தால், ஜிடிபி ஏதோ ஒரு நகலைத் தேர்ந்து அங்கே வைக்கும். நிரல் மற்ற நகல் வழியாகப் போனால் புள்ளியில் நிற்காது, ஓடி முடிந்துவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. தன் நிரல் அந்த வழியே போகவில்லை என்று பயனர் நம்பிவிடுவார்.

ஒரே ஜிடிபியை எடுத்துக்கொண்டு 2.95.3 உருவாக்கிய கோப்பில் ஓட்டினால் பாஸ். 3 வரிசைத் தொகுப்பியின் கோப்பில் ஓட்டினால் ஃபெயில். ஒரே தொகுப்பியை மட்டும் வைத்திருப்பவர் கண்ணில் இந்த வேறுபாடு படாது. எனவே அந்த ஆண்டுகளில் வழுநீக்கியைச் சோதிப்பவர்கள் பழைய ஜிசிசி பதிப்புகளை அழிக்காமல் வரிசையாக நிறுவி வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றையும் ஸ்டாப்ஸ், டுவார்ஃப் என இரண்டு வடிவங்களிலும் ஓட்டினார்கள். கணக்குப் போட்டால் சுமை புரியும்: வழுநீக்கியின் இரண்டு பதிப்புகள், நான்கு தொகுப்பிகள், இரண்டு வடிவங்கள் என்றால் 16 முழு ஓட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான வரிகள்.

அந்த அட்டவணையைப் படிக்க ஓர் ஒழுங்கும் உருவாயிற்று. தொகுப்பியை அசையாமல் நிறுத்தி வழுநீக்கியை மட்டும் மாற்றிப் பார். விளைவு மாறினால் காரணம் வழுநீக்கியில் செய்த திருத்தம். வழுநீக்கியை நிறுத்தித் தொகுப்பியை மாற்றிப் பார்; விளைவு மாறினால் புதிய தொகுப்பி புதிதாக எதையோ எழுதுகிறது. ஆனால் புதிதாக எழுதுவதெல்லாம் தவறாகிவிடாது. கன்ஸ்ட்ரக்டர் விவகாரத்தில் ஜிசிசி பொது வரையறையைப் பின்பற்றியே நடந்தது; ஒரு பெயருக்குப் பல இடங்கள் இருக்கலாம் என்பதை அறியாதது ஜிடிபிதான். 1091 என்ற எண்ணில் பதிவான இந்த வழு, ஜிடிபி 6 வரிசை வெளியீடுகளோடு வந்த அறிந்த சிக்கல்களின் பட்டியலில் ஆண்டுக்கணக்கில் இடம்பெற்றது. ஒரு நிறுத்தப் புள்ளி பல இடங்களைப் பிடிக்கலாம் என்ற அமைப்பு 2008இல் ஜிடிபி 6.8இல் வந்த பிறகே அது தீர்ந்தது.

4. தோல்வியின் இரண்டு பெயர்கள்

அட்டவணை வேறுபாட்டைக் காட்டும், தீர்ப்பை எழுதிவைக்காது. டெஜாக்னுவில் எக்ஸ்ஃபெயில் என்ற ஒரு முத்திரை முதலிலிருந்தே உண்டு. எதிர்பார்த்த தோல்வி என்று பொருள். இந்த முத்திரை குத்திய சோதனை தோற்றால் யாரும் பதற வேண்டியதில்லை. நடைமுறையில் அது குப்பைத்தொட்டியாயிற்று. தொகுப்பியின் வழு, இயங்குதளத்தின் குறை, ஜிடிபியிலேயே யாரும் திருத்தாமல் விட்ட கோளாறு எல்லாம் அதே முத்திரைக்குள் போயின. தொடக்ககாலச் சோதனைக் கோப்புகள் சிலவற்றில் எல்லா இயந்திரங்களுக்கும் பொருந்தும்படியே அதைக் குத்தி வைத்திருந்தார்கள். பழமொழியில் வரும் ஆட்டக்காரிக்கு இதைவிட வசதி கிடையாது.

2000களின் தொடக்கத்தில் கேஃபெயில் என்ற புதிய முத்திரை சேர்ந்தது. ஜிடிபியின் மரபில் இரண்டுக்கும் எல்லை வகுக்கப்பட்டது. தோல்விக்குக் காரணம் ஜிடிபிக்கு வெளியே, அதாவது தொகுப்பியிலோ இயங்குதளத்திலோ இருந்தால் எக்ஸ்ஃபெயில். காரணம் ஜிடிபியே என்றால் கேஃபெயில். அதோடு வழுப் பதிவின் எண்ணையும் எழுத வேண்டும். எண் இல்லாமல் ஒப்புக்கொள்ள முடியாது. எக்ஸ்ஃபெயிலைத் தொகுப்பியின் குறிப்பிட்ட பதிப்புகளுக்கு மட்டும் பொருந்துமாறு சுருக்கி எழுதும் வழக்கமும் வலுத்தது. அப்படி முத்திரையிட்ட சோதனை ஒருநாள் எதிர்பாராமல் வென்றால் அதற்கும் எக்ஸ்பாஸ் என்று தனிப் பெயர் உண்டு. தொகுப்பியில் யாரோ கூடத்தை நேராக்கிவிட்டார்கள் என்பதற்கு அது அடையாளம்.

5. தளர்ச்சியின் விலை

தோல்விகளைக் குறைக்க எளிய குறுக்குவழி ஒன்றும் இருந்தது: எதிர்பார்ப்பைத் தளர்த்துவது. ஒரு வகுப்பின் அமைப்பை அச்சிடும் ‘பிடைப்’ கட்டளை நல்ல எடுத்துக்காட்டு. நிரலாளர் எழுதாமல் தொகுப்பியே சேர்த்துக்கொள்ளும் உறுப்புச் செயற்கூறுகளைச் சில தொகுப்பிகள் குறிப்பில் எழுதும், சில எழுதாது. வரிசையும் மாறலாம். ஒவ்வொரு புதிய வடிவத்தையும் ஏற்க, சோதனையின் வடிவக்கோவையில் ‘அல்லது’, ‘அல்லது’ என்று கிளைகள் கூடிக்கொண்டே போயின. கடைசியில் எந்தத் தொகுப்பிக்கு எந்த விடை சரி என்பதே மறைந்தது. புதிய தொகுப்பி பழைய தொகுப்பியின் தவறான விடையைத் தந்தாலும் பாஸ் விழும்.

2004 அளவில் சி++ சோதனைகளுக்கென ஒரு துணைச் செயல்முறை எழுதப்பட்டு இந்தக் கிளைக்காடு வெட்டப்பட்டது. அச்சான விடையை அது உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் படிக்கும். நிரலாளர் எழுதியவை அனைத்தும் இருக்கின்றனவா என்பதில் கறாராக நிற்கும். தொகுப்பி தானே சேர்த்தவற்றை மட்டும் கண்டுகொள்ளாமல் விடும். எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது என்பது முதன்முறையாக வெளிப்படையாக எழுதப்பட்டது.

6. தொகுப்பி இல்லாத கூடம்

கூடம் கோணலா என்ற சந்தேகத்தை அடியோடு ஒழிக்க ஒரு வழி, கூடத்தை நாமே கட்டுவது. டுவார்ஃப் குறிப்புகளை அசெம்பிளியில் கையாலேயே எழுதி, அந்தக் கோப்பை வழுநீக்கியிடம் கொடுக்கும் சோதனைகள் ஜிடிபியில் பெருகின. எந்தத் தொகுப்பி நிறுவியிருந்தாலும் குறிப்பு மாறாது. எனவே தோற்றால் பொறுப்பு ஜிடிபியுடையது. எந்தத் தொகுப்பியும் எழுதாத, ஆனால் வரையறை அனுமதிக்கும் அமைப்புகளையும் வேண்டுமென்றே சிதைத்த குறிப்புகளையும் இவ்வாறு கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் கையால் எழுதும் அசெம்பிளி ஒரே வகைச் செயலிக்குக் கட்டுப்பட்டது; படிக்கவும் கடினம். 2010களின் தொடக்கத்தில், டிக்கிளிலேயே விவரித்தால் டுவார்ஃபை உருவாக்கித் தரும் சிறு கருவி சோதனைத் தொகுதிக்குள் சேர்ந்து அந்தச் சிரமத்தைக் குறைத்தது.

இதற்கும் வரம்பு உண்டு. கையால் எழுதிய குறிப்பில் எழுதியவருக்குத் தோன்றியது மட்டுமே இருக்கும். அடுத்த ஆண்டு வரும் தொகுப்பி எதை எழுதும் என்று அதற்குத் தெரியாது.

7. திசை மாறிய கேள்வி

நிரலை வேகமாக்கத் தொகுப்பி செய்யும் உகப்பாக்கம் வலுக்க வலுக்கக் கேள்வி மறுபக்கமும் திரும்பியது. உகப்பாக்கிய நிரலில் மாறிகள் பதிவகங்களுக்கு இடையே இடம்பெயரும், சில மறைந்தே போகும். 2010இல் வந்த ஜிசிசி 4.5, ஒவ்வொரு மதிப்பளிப்பையும் உகப்பாக்கத்தின் ஊடே பின்தொடரும் முறையைக் கொண்டுவந்தது. அதோடு ஜிசிசியின் சோதனைத் தொகுதியில் ஒரு புதிய பிரிவும் முளைத்தது. ‘இந்த வரியில் இந்த மாறியின் மதிப்பு 5’ என்பது போன்ற எதிர்பார்ப்பை நிரலிலேயே எழுதிவைத்து, ஜிடிபியை ஓட்டிச் சரிபார்ப்பார்கள். இங்கே தேர்வு எழுதுவது தொகுப்பி. கேள்வி கேட்பது வழுநீக்கி. பழைய சிக்கல் தலைகீழாகத் திரும்பி வந்தது: எந்த ஜிடிபி நிறுவியிருக்கிறது என்பதைப் பொறுத்து இந்த முடிவுகள் மாறின.

எல்எல்விஎம் திட்டத்திலும் இதே பாதை தெரிகிறது. 2010இல் அறிவிக்கப்பட்ட அதன் வழுநீக்கியான எல்எல்டிபி, அதே திட்டத்தின் கிளாங் தொகுப்பியின் கூடவே வளர்கிறது. ஆனால் அதன் தானியங்கிச் சோதனை வரிசைகளில் ஒன்று பழைய கிளாங் வெளியீடுகளை அடுக்கி வைத்து ஒவ்வொன்றோடும் ஓட்டுகிறது. சோதனைகளின் தலைப்பிலேயே ‘கிளாங் இந்தப் பதிப்புக்கு முந்தையது என்றால் விட்டுவிடு’ என்று குறிக்கவும் வழியுண்டு. ஒரே குடும்பத்துக்குள் இருந்தாலும் பழைய பதிப்புகளை மறக்க முடியவில்லை.

2021இல் வெளியான டீபக்ஸ்கொயர் என்ற ஆய்வு, உகப்பாக்கிய நிரலையும் உகப்பாக்காத நிரலையும் வழுநீக்கியில் படிப்படியாக ஓட்டி ஒப்பிட்டது. எல்எல்விஎம் கருவிகளில் 23, க்னு கருவிகளில் 8, ரஸ்ட் கருவிகளில் 3 வழுக்களை அது அறிவித்தது. அந்தக் கணக்கு தொகுப்பியையும் வழுநீக்கியையும் ஒரே கருவித்தொடராக வைத்தே எண்ணுகிறது. முதலில் பிசகைக் கண்டுபிடி, யாருடையது என்பதைப் பிறகு பிரி என்ற அணுகுமுறை அது.

முடிவுரை

பேட்டி காணும் சோதனை தோல்வியைப் பதிந்தது. பதிப்புகளின் அட்டவணை அது எங்கே தொடங்கியது என்று காட்டியது. இரண்டு முத்திரைகள் தீர்ப்பை எழுதிவைத்தன. கையால் எழுதிய டுவார்ஃப் ஒரு தரப்பையே வழக்கிலிருந்து விலக்கியது. தொகுப்பியின் சோதனைகள் மற்றத் தரப்பைக் கூண்டில் ஏற்றின. இவற்றில் பிந்தியது முந்தியதைத் தேவையற்றதாக்கவில்லை. 1091ஆம் வழுவை நினைத்தால் காரணம் விளங்கும். கையால் எழுதிய குறிப்பில் கன்ஸ்ட்ரக்டருக்கு இரண்டு நகல் வைக்க 2000இல் யாருக்கும் தோன்றியிருக்காது. உண்மையான தொகுப்பி ஒன்று அப்படி எழுதி, அதன் பக்கத்தில் பழைய தொகுப்பி ஒன்றும் அழியாமல் இருந்ததால்தான், நிற்காமல் ஓடிய நிரல் யாருடைய குறை என்று சொல்ல முடிந்தது. வழுநீக்கியைப் பராமரிப்பவர்கள் வட்டில் இடம் அடைத்துக்கொண்டு பழைய தொகுப்பிகளை வைத்திருப்பது அதற்காகத்தான்.