ஆற்றைக் கடந்த கால்கள்

நடப்பதற்காகவே நடப்பது நம் இலக்கியத்தில் ஒரு விஷயமாக ஆனதில்லை. வேர்ட்ஸ்வொர்த் 1798 ஜூலையில் வை நதிப் பள்ளத்தாக்கில் தங்கையோடு நடந்துவிட்டு வந்து கவிதை எழுதினார். அதைக் கல்லூரியில் பாடமாகப் படித்த நம்மவர்கள் காவிரியையும் அந்தக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டார்கள். விளைவு, நம் எழுத்தில் வரும் காவிரிக்கரை நடை பெரும்பாலும் இரவல் நடை. மரம் வரும், மணல் வரும், நிலாவும் தவறாமல் வரும். கால் வைக்கிற பாதை யாருடையது என்ற கேள்வி மட்டும் வராது.

இங்கிலாந்தில் அந்தக் கேள்வி வந்திருக்கிறது. 1932 ஏப்ரல் 24 அன்று கிண்டர் ஸ்கவுட் குன்றில், பிரபுக்கள் வேட்டைக்கென்று அடைத்து வைத்திருந்த நிலத்தில் தொழிலாளர்கள் கூட்டமாக அத்துமீறி நடந்தார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். அதே ஆண்டு வந்த ஒரு சட்டம், தடையில்லாமல் 20 வருஷம் ஜனங்கள் நடந்த வழி பொதுவழி என்று கொள்ளப்படும் என்றது. 1949ஆம் வருஷச் சட்டம் அந்த வழிகளை வரைபடத்தில் குறித்து வைக்கச் சொன்னது. ஆற்றுப் பள்ளத்தாக்குக் கிராமங்களில் நாம் படத்தில் பார்த்து மயங்குகிற ஒற்றையடிப் பாதைகளுக்கு அடியில் இந்தச் சண்டை இருக்கிறது. அழகு அதற்குப் பிறகு வந்தது.

நம்மிடமும் 20 வருஷக் கணக்கு ஒன்று உண்டு. 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் முதலில் அமலானது சென்னை ராஜதானி, மத்திய மாகாணங்கள், குடகு ஆகிய மூன்று இடங்களில்தான். தனியார் நிலமானால் 20 வருஷம் நடந்திருக்க வேண்டும். சர்க்கார் நிலமானால் 60 வருஷம், 1963க்குப் பிறகு 30. ஆனால் இது பக்கத்து நிலக்காரனுக்கு உள்ள உரிமை. நிலமில்லாதவன் எத்தனை தலைமுறை நடந்தாலும் இந்தக் கணக்கில் வரமாட்டான். அவனுக்கு மிஞ்சியது வழக்கம். வழக்கத்தை யார் காப்பாற்றுகிறார்கள் என்று பார்க்க ஸ்ரீரங்கத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. கல்லணைக்கு அருகில் மறுபடி நெருங்குகின்றன. இடையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒடுங்கிய ஒரு தீவு. தீவு என்றால் எந்தப் பக்கம் போவதானாலும் ஆற்றைக் கடந்தாக வேண்டும். 1752இல் பிரெஞ்சுப் படையும் சந்தா சாகிப்பும் ஸ்ரீரங்கத்துக்குள் இருந்தார்கள். க்ளைவ் கொள்ளிடத்தின் வடகரைக்குப் போய் சமயபுரத்தில் உட்கார்ந்துகொண்டார். வழிகள் அடைபட்டன, ஜூன் மாதத்தில் பிரெஞ்சுக்காரர்கள் சரணடைந்தார்கள், சந்தா சாகிப்பின் தலை போயிற்று. யுத்த சரித்திரக்காரர்கள் இதை வீரமாக எழுதுவார்கள். எனக்கு இது சோறு வரும் வழியை மறித்த கதை.

இந்த ஊரில் ஆற்றைக் கடக்கும் வழிகளை வருஷாவருஷம் ஞாபகப்படுத்துகிறவர் நம்பெருமாள். பங்குனி உற்சவத்தின் மூன்றாம் நாள் அவர் மேற்கே ஜீயபுரத்துக்குப் போகிறார். முக்கொம்புக்கு இப்பால், தென்கரையில் இருக்கிற ஊர் அது. அங்கே ஒரு பாட்டியின் வீட்டில் பேரன் வேஷத்தில் போய்ச் சாப்பிட்டதாகக் கதை. மாவடு உட்பட இன்றும் நைவேத்தியம் நடக்கிறது. ஆறாம் நாள் காவிரியைக் கடந்து உறையூர், கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி. ஊர் திரும்பினால் ஸ்ரீரங்கத்து நாச்சியார் கதவைச் சாத்துகிறாள், மட்டையடி. பங்குனியில் காவிரியில் பெரும்பாலும் மணல்தான். 1934இல் மேட்டூர் வந்தபின் ஜனவரிக் கடைசியில் அணையை அடைத்துவிடுகிற வழக்கம். அதற்கு முன்பும் கோடையில் ஆறு வறண்டுதான் கிடந்தது. ஆகவே மணலில் ஒரு வழி பிறக்கிறது. ஆடியில் வெள்ளம் வந்து அதை அழிக்கிறது. அடுத்த பங்குனியில் மறுபடி பிறக்கிறது. தைப்பூசத்தில் இதே மாதிரி வடக்கே கொள்ளிடக் கரைக்கு, தங்கையாகக் கருதப்படும் சமயபுரத்தாளுக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து சீர் போகிறது. சர்வே படத்தில் இல்லாத வழிகள் பஞ்சாங்கத்தில் இருக்கின்றன. 1323இல் டில்லிப் படை வந்தபோது பிள்ளை லோகாசாரியர் இதே உற்சவமூர்த்தியை எடுத்துக்கொண்டு தெற்கே நடந்தார். மூர்த்தி திரும்பி வர 1371 ஆயிற்று. 48 வருஷம் நின்றுபோன வழியும் வழிதான் என்று எந்தக் கோர்ட்டும் ஒப்புக்கொண்டிருக்காது. கோயில் ஒப்புக்கொண்டது.

இதுவரை சொன்னது தெய்வம் நடந்த வழி. அதே உறையூரிலிருந்து எதிர்த் திசையில் ஒருவர் ஸ்ரீரங்கத்துக்குப் போயிருக்கிறார். அவர் திருப்பாணாழ்வார். பாணர் குலத்தில் வளர்ந்தவர். தீவில் கால் வைக்கலாகாது என்று காவிரியின் தென்கரையிலேயே நின்று அரங்கனைப் பாடிக்கொண்டிருந்தார். திருமஞ்சனத்துக்குத் தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் விலகச் சொன்னார், காதில் விழவில்லை, கல்லை எறிந்தார். ரத்தம் வந்தது. பிறகு அரங்கன் கட்டளைப்படி அந்த முனிவரே அவரைத் தோளில் சுமந்து சன்னிதிக்குக் கொண்டு போனார். முனிவாகனர் என்று பெயர் வந்தது.

இந்தக் கதையைச் சமத்துவத்துக்குச் சாட்சியாக மேடைதோறும் சொல்கிறார்கள். கதை அவ்வளவு தூரம் போகவில்லை என்பது என் எண்ணம். முனிவர் குனிந்தார், சரி. ஆனால் பாணரின் கால் தீவின் மண்ணில் படவில்லை. தடை நீங்கவில்லை, தடைக்கு மேலாக ஒருவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் இன்னொரு பாணர் கரைக்கு வந்திருந்தால் அவருக்கும் அதே கல்தான். ‘அமலனாதிபிரான்’ பத்துப் பாசுரம், அரங்கனின் பாதத்தில் தொடங்கி மேலே ஏறுகிறது. பாதாதிகேசம் என்பது மரபு என்று சொல்லி உரைகாரர்கள் நகர்ந்துவிடலாம். தன் பாதத்துக்கு அனுமதியில்லாத ஒருவர் இன்னொரு பாதத்தில் தொடங்குகிறார் என்பதை என்னால் அவ்வளவு சுலபமாகக் கடந்துபோக முடியவில்லை.

1924இல் வைக்கத்தில் நடந்த போராட்டமும் கோயிலுக்குள் நுழைவதற்காக அல்ல. கோயிலைச் சுற்றியிருந்த தெருவில் நடப்பதற்காக. சென்னை ராஜதானியில் 1938இல் ஒரு சட்டம் பொதுவழிகளைத் திறந்தது. 1947இல் இன்னொன்று கோயில்களைத் திறந்தது. வழிக்கு முதலில், கோயிலுக்கு அப்புறம். அந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சட்டம் வந்து 80 வருஷத்துக்குப் பிறகு, 2019 ஆகஸ்டில், வாணியம்பாடிக்கு அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போகும் வழியை நிலக்காரர்கள் மறித்ததால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிப் பாலாற்றங்கரையில் இறக்கினார்கள். பாணரை மண்ணில் படாமல் ஆற்றுக்கு அக்கரை கொண்டு போனார்கள். இவரையும் மண்ணில் படாமல்தான். சுமக்க முனிவர் யாரும் வரவில்லை, கயிறு வந்தது.

திருச்சியில் காவிரிக்கு 1976இல் இன்றைய பாலம் வந்தபின் ஆற்றில் இறங்கிக் கடக்கும் அவசியம் குறைந்தது. கொள்ளிடத்தில் 1928இல் கட்டிய இரும்புப் பாலம் புதுப்பாலம் வந்ததும் வண்டிகளுக்கு மூடப்பட்டு, கொஞ்ச காலம் நடப்பவர்களுக்கு மட்டும் சொந்தமாக இருந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்தன. அதே மாதம் முக்கொம்பில், 1836இல் காட்டன் கட்டிய மேலணையின் ஒன்பது மதகுகள் போயின. வண்டி போகும் பாலத்தின் உடைப்பு பத்திரிகையில் வருகிறது. வாழைக்கொல்லைக்கு நடுவே கரைக்கு இறங்கும் ஒரு வழியில் முள்வேலி விழுந்தால் அது செய்தியல்ல. துணி வெளுக்கிறவரும், மாடு ஓட்டுகிறவரும், பிணம் தூக்குகிறவரும் சுற்றிப் போகிறார்கள். மூன்று வருஷம் சுற்றிப் போனால் பழைய வழி மறந்துவிடுகிறது. அவர்கள் வழியில் பல்லக்கு வருவதில்லை.

முக்கொம்பு முதல் கல்லணை வரை கரைக்கு இறங்கும் வழிகளை, எந்த வழியில் யார் போகிறார்கள், யார் போகக்கூடாது என்பதோடு எழுதி வைக்கலாம் என்று ஆரம்பித்திருக்கிறேன். தென்கரையில் ஜீயபுரத்திலிருந்து உறையூர் வரை நடந்தாகிவிட்டது. சுடுகாட்டு வழிகளைத் தனியாகக் குறித்திருக்கிறேன். கொள்ளிடத்தின் வடகரையை வேறு யாராவது எடுத்துக்கொண்டால் நல்லது. தை முடிந்து மணல் தெரிய ஆரம்பித்த பின் போவது வசதி.