கழித்தல் கணக்கு

மாஸ் பேலன்ஸ் என்றாலே முகம் சுளிக்கும் தம்பிகளே, இதைக் கேளுங்கள்.

1944-ல் புரூக்ளினில் ஃபைசர் கம்பெனி பெரிய தொட்டிகளில் பெனிசிலின் தயாரித்தபோதே, ஆக்சிஜன் ஊட்டுவது பெரிய தலைவலி. 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைவதே சுமார் 8 மில்லிகிராம்தான். காற்று நின்றால் கொஞ்ச நேரத்தில் காலி! லேலண்ட் கிளார்க் 1950-களில் செய்த ஆக்சிஜன் மின்முனை ரத்தத்துக்கானது. தொட்டியின் நீராவிச் சூட்டைத் தாங்குவது பிறகுதான் வந்தது. அதுவும் மிச்சத்தைச் சொல்லுமே தவிர, செலவைச் சொல்லாது.

1977-ல் எம்.ஐ.டி.யில் சார்லஸ் கூனியும் கூட்டாளிகளும் ஈஸ்ட் தொட்டிக்குள் போகும் காற்றையும் வெளிவரும் காற்றையும் அளந்து, கழித்தலைக் கம்ப்யூட்டரிடம் விட்டார்கள். வித்தியாசம்தான் ஈஸ்ட் எடுத்துக்கொண்ட ஆக்சிஜன். ஈஸ்ட் எவ்வளவு வளர்ந்தது என்பதும் அதிலிருந்தே கிடைத்தது. சர்க்கரை கூடிப்போனால் ஈஸ்ட் சாராயம் காய்ச்ச ஆரம்பித்துவிடும். வெளிவரும் கரியமில வாயு, எடுத்த ஆக்சிஜனை மிஞ்சும். சாம்பிளைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடுவதற்குள் கணக்கே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.