பிபி84 நெறிமுறை

ரகசியச் சாவியைக் குவாண்டம் முறையில் பகிர்ந்துகொள்ளும் முதல் நெறிமுறை. ஐபிஎம் ஆய்வாளர் சார்லஸ் பென்னட்டும் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் ழில் பிரசாரும் 1984 டிசம்பரில், பெங்களூரில் நடந்த மாநாட்டில் முன்வைத்தார்கள்.

சாவியின் ஒவ்வொரு பிட்டும் ஓர் ஒளித்துகளின் முனைவாக்கத்தில் ஏற்றி அனுப்பப்படும். நேர், சாய்வு என இரண்டு அளவை முறைகள், தேர்வு குருட்டாம்போக்கில். பெறுபவரும் குருட்டாம்போக்கிலேயே முறையைத் தேர்ந்து அளப்பார். முறை ஒத்துப்போன பிட்டுகள் மட்டும் தங்கும். இடையில் ஒருவர் எல்லாத் துகள்களையும் அளந்து மறுபடி அனுப்பினால், தங்கியவற்றில் சுமார் 25 விழுக்காடு பிழையாகிக் குட்டு வெளிப்படும்.

1989-இல் நடந்த முதல் சோதனையில் ஒளி கடந்தது ஓர் அடி சொச்சம்தான். அதிலும் கருவியின் மின்வழங்கி முனைவாக்கத்துக்கு ஏற்ப வெவ்வேறு விதமாக இரைந்தது. செவிடான ஒற்றனிடமிருந்து மட்டுமே அது பாதுகாப்பானது என்று பிரசாரே பின்னாளில் கேலி செய்தார்.